உப்புக்காற்றும் வீட்டு இயந்திரங்களும்: மட்டாஞ்சேரியை முன்வைத்து

புதிதாக ஃபிரிட்ஜோ வாஷிங் மெஷினோ வாங்கினால் அட்டைப்பெட்டிக்குள் ஒரு கையேடு வருகிறது. எங்கே வைப்பது, எதைக்கொண்டு துடைப்பது, எதைச் செய்யக்கூடாது என்றெல்லாம் அதில் அச்சிட்டிருக்கும். டெல்லியில் வாங்கினாலும் கோவையில் வாங்கினாலும் கொச்சியில் வாங்கினாலும் கையேடு ஒன்றுதான். இயந்திரம் போய் உட்காரும் இடம் மட்டும் ஊருக்கு ஊர் மாறுகிறது. கோவையில் பதினைந்து வருடம் உழைக்கும் ஃபிரிட்ஜின் அடித்தகடு, மேற்குக் கொச்சியில் அதற்கு வெகு முன்பே துருவேறி உதிரத் தொடங்கிவிடும். பழுது பார்க்க வருபவர் "கடல் காத்து சார்" என்று ஒற்றை வரியில் முடித்துவிட்டுப் போவார். அந்த ஒற்றை வரியைப் பிரித்துப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை.

மேற்குக் கொச்சியின் மட்டாஞ்சேரி போன்ற ஊரில் வீட்டு இயந்திரங்கள் உழைத்துத் தேய்வதைவிட, ஊரின் காற்றும் தண்ணீரும் மின்சாரமும் அரித்துத்தான் சீக்கிரம் வீணாகின்றன. ஆகவே பராமரிப்பும் கையேட்டை மட்டும் நம்பாமல் ஊரின் பருவங்களை அனுசரித்து நடக்க வேண்டும். கோடையில் செய்யவேண்டியது ஒன்று, ஜூனில் இறங்கும் இடவப்பாதி மழையில் செய்யவேண்டியது வேறொன்று, ஐப்பசியில் வரும் துலாமழையில் செய்யவேண்டியது இன்னொன்று. இப்படிப் பருவத்தைப் பார்த்துக் கவனித்தால் பெரிய செலவில்லாமலேயே இயந்திரங்களின் ஆயுள் நீளும்.

உப்பு ஏன் காய்வதில்லை

மேற்கே அரபிக்கடல், கிழக்கே காயல். நடுவில் ஒடுங்கிய நிலத்துண்டில் ஃபோர்ட் கொச்சியும் மட்டாஞ்சேரியும் இருக்கின்றன. அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகளைக் காற்று ஊருக்குள் கொண்டுவருகிறது. அவை ஜன்னல் கம்பியிலும், ஏசியின் வெளி யூனிட்டிலும், ஃபிரிட்ஜின் பின்புறத்திலும் கண்ணுக்குத் தெரியாத உப்புப் படலமாகப் படிகின்றன.

படிந்த உப்பு சும்மா இருப்பதில்லை. காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 விழுக்காட்டைத் தாண்டினால் சமையல் உப்பு காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடு இன்னும் குறைந்த ஈரப்பதத்திலேயே கசியும். கொச்சியிலோ மழைக்காலத்தில் ஈரப்பதம் பெரும்பாலும் 80 விழுக்காட்டுக்கு மேலேயே நிற்கிறது. ஆகவே இங்கே தகட்டின் மேல் படிந்த உப்பு காய்வதே இல்லை. மெல்லிய உப்புநீர்ப் படலம் இரவும் பகலும் இரும்பைத் தின்றுகொண்டிருக்கிறது. ஏசியில் செம்புக் குழாயும் அலுமினியத் தகடுகளும் ஒட்டிக்கிடக்கின்றன. இரண்டு உலோகங்களுக்கு நடுவே உப்புநீர் புகுந்தால் அங்கே ஒரு சிறு மின்கலம் உருவாகி, அலுமினியம் பொடிப்பொடியாக உதிரும்.

இதிலிருந்து கிடைக்கும் முதல் பாடம் மிக எளிது: உப்பைத் துடைத்து எடுக்க வேண்டும். உலர்ந்த துணி தூசியைத்தான் எடுக்கும், உப்பை எடுக்காது. நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒருமுறையும், பிறகு உலர்ந்த துணியால் ஒருமுறையும் துடைக்க வேண்டும். துடைக்குமுன் பிளக்கைக் கழற்றிவிட வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஃபிரிட்ஜின் அடிப்பகுதி, வாஷிங் மெஷினின் பின்தகடு, மின்விசிறியின் இறக்கை ஆகியவற்றுக்கு மாதம் ஒருமுறை இது போதும். ஏசியின் வெளி யூனிட்டை மழைக்கு முன்னும் பின்னும் மெல்லிய நீர்த்தாரையால் கழுவினால் உப்பு இறங்கிவிடும். தாரை வேகமாக இருந்தால் தகடுகள் மடங்கிப்போகும். ஆசிட் கலந்த திரவங்களை அதன் அருகிலேயே கொண்டுபோகக் கூடாது.

கோடை: வோல்டேஜும் தண்ணீரும்

மாசி முடிந்து வெயில் ஏறியதும் ஊரின் ஏசிகள் எல்லாம் ஒரே நேரத்தில் ஓட ஆரம்பிக்கின்றன. இரவு எட்டு மணிக்கு மேல் டியூப் லைட் திணறுவதும், மின்விசிறி சோர்ந்து சுற்றுவதும் அப்போதுதான். நம் வீடுகளுக்கு வரவேண்டியது 230 வோல்ட். விதிப்படி அதில் 6 விழுக்காடு கூடலாம், குறையலாம். அதாவது 216 முதல் 244 வரை. அதற்குக் கீழே இறங்கினால் மோட்டார்களுக்குச் சோதனைக் காலம்.

மோட்டாரின் திருகுவிசை மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைகிறது. 230 வோல்ட் 180 ஆகக் குறைந்தால், கிளம்பும்போது இருக்கவேண்டிய விசையில் சுமார் 61 விழுக்காடுதான் மிஞ்சும். ஃபிரிட்ஜின் கம்ப்ரஸர் அந்த விசையில் கிளம்ப முடியாமல் முனகும், கரண்டை அளவுக்கு மீறி இழுக்கும், சூடாகும். உள்ளே இருக்கும் ஓவர்லோட் 'டிக்' என்று வெட்டும். சற்று நேரத்தில் மறுபடி முயலும், மறுபடி வெட்டும். சமையலறையில் சில நிமிடங்களுக்கு ஒருமுறை அந்த 'டிக்' கேட்டால் உடனே ஃபிரிட்ஜை அணைக்க வேண்டும். விட்டுவிட்டால் மோட்டாரின் கம்பிச்சுருளான காயில் கருகிவிடும். கரண்ட் போய்த் திரும்பினாலும் உடனே போடாமல் மூன்று முதல் ஐந்து நிமிடம் பொறுக்க வேண்டும். கம்ப்ரஸரின் இரண்டு பக்க அழுத்தமும் சமமாக அந்த நேரம் தேவை.

இந்தத் தொல்லையிலிருந்தே கொச்சியில் ஒரு பெரிய தொழில் பிறந்தது. 1977-இல் கொச்சௌசேப் சிட்டிலப்பிள்ளி இங்கே வி-கார்டைத் தொடங்கியபோது செய்த பொருள் வோல்டேஜ் ஸ்டெபிலைசர்தான். இன்றைய இன்வெர்ட்டர் வகை ஃபிரிட்ஜ்கள் அகன்ற வோல்டேஜ் எல்லைக்குள் தாமாகவே சமாளிக்கும் என்று விற்கப்படுகின்றன. அந்த எல்லை எவ்வளவு என்பதைக் கையேட்டில் பார்த்து, வீட்டில் இரவு எட்டு மணிக்கு உண்மையில் எவ்வளவு வருகிறது என்பதை ஒரு எலக்ட்ரீஷியனைக் கொண்டு அளந்த பிறகே ஸ்டெபிலைசர் வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்வது நல்லது.

கோடையின் இன்னொரு சிக்கல் தண்ணீர். மேற்குக் கொச்சியில் கிணறு தோண்டினால் பெரும்பாலும் உவர் நீர்தான். குழாய்த் தண்ணீர் தொலைவிலுள்ள ஆறுகளிலிருந்து வந்து, குழாய் வரிசையின் கடைசிக்கு எட்டும்போது நூலாக ஒழுகுகிறது. பற்றாக்குறை வந்தால் கிணற்று நீரை வாஷிங் மெஷினுக்குத் திருப்பிவிடும் வீடுகள் உண்டு. உவர் நீரில் சோப்பு நுரைக்காது. நுரை வரவில்லை என்று பவுடரை அள்ளிக் கொட்டுவோம். கரையாத பவுடர் டிரம்முக்குப் பின்னால் கட்டியாகப் படிந்து நாற்றமெடுக்கும். பவுடரைக் குறைத்து, அலசலை ஒருமுறை கூட்டுவதே சரி. தண்ணீர் நுழையும் குழாயின் வாயில் உள்ள சிறு வலையை மாதம் ஒருமுறை கழற்றிக் கழுவ வேண்டும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை துணி போடாமல், சிட்ரிக் ஆசிட் கரைத்த சூடான நீரில் மெஷினை ஓட்டினால் உப்புப் பொருக்கு கரையும்.

குளியலறை கீசருக்குள் மெக்னீசியம் தண்டு ஒன்று இருப்பது பலருக்குத் தெரியாது. தொட்டிக்குப் பதிலாகத் தான் அரிபட்டு, தொட்டியைக் காப்பதே அதன் வேலை. உப்பு கூடிய நீரில் அது விரைவாகக் கரைந்துபோகும். வருடம் ஒருமுறை திறந்து பார்த்து, மெலிந்திருந்தால் மாற்றினால் தொட்டி ஓட்டையாகாது. தண்டின் விலைக்கும் புதுக் கீசரின் விலைக்கும் ஒப்பீடே இல்லை.

இந்த இடத்தில் ஃபோர்ட் கொச்சியில் வெளி என்ற பகுதியில் உள்ள தோபிக்கானாவைச் சொல்ல வேண்டும். காலனிக் காலத்தில் ராணுவச் சீருடைகளைத் துவைக்கத் தமிழ்ப் பகுதிகளிலிருந்து அழைத்துவரப்பட்ட வண்ணார் குடும்பங்களின் வழிவந்தவர்கள் இன்றும் அங்கே துவைக்கிறார்கள். இப்போதுள்ள துவைக்கும் கட்டடத்தை 1976-இல் கொச்சி பெருநகர் வளர்ச்சி ஆணையம் கட்டிக்கொடுத்தது. கஞ்சி போட்டு, வெயிலில் உலர்த்தி, கனமான இஸ்திரிப் பெட்டியால் மடிப்புக் கலையாமல் தேய்த்துத் தரும் அந்தக் கைத்தொழில் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஜமுக்காளம், திரைச்சீலை, கனத்த படுக்கை விரிப்பு போன்றவற்றை வீட்டு மெஷினில் திணித்தால் டிரம்மைத் தாங்கும் பேரிங் அடிவாங்கும். அவற்றை தோபிக்கானாவுக்குக் கொடுத்தால் மெஷினின் ஆயுளும் கூடும், ஒரு தொழிலும் பிழைக்கும்.

இடவப்பாதி: ஈரமும் பூஞ்சணமும்

ஜூன் தொடக்கத்தில் இடவப்பாதி மழை இறங்குகிறது. கொச்சியில் வருடத்துக்குச் சுமார் 3000 மில்லிமீட்டர் பெய்யும் மழையில் பெரும்பங்கு அடுத்த நான்கு மாதங்களில்தான். சுவர் ஓதம் அடிக்கும், அலமாரித் துணியில் பூஞ்சணம் பூக்கும். இயந்திரங்களுக்குள்ளும் அதேதான் நடக்கிறது.

ஃபிரிட்ஜின் கதவைச் சுற்றியிருக்கும் ரப்பர் பட்டையை இந்த மாதங்களில் விரலால் விரித்துப் பாருங்கள். மடிப்புக்குள் கறுப்புக் கறுப்பாகப் பூஞ்சணம் இருக்கும். அது வளர வளர ரப்பர் விறைத்துப்போய்க் கதவோடு ஒட்டாமல் நிற்கும். சோதிக்க ஒரு வழி உண்டு. ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி, மெல்ல இழுக்க வேண்டும். தடையோடு வந்தால் பட்டை நன்றாக இருக்கிறது. வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் வெளிக்காற்று உள்ளே போகிறது. மேலே, கீழே, கீல் பக்கம், கைப்பிடிப் பக்கம் என்று சுற்றிலும் பார்க்க வேண்டும். ஈரமான கொச்சிக் காற்று உள்ளே போனால் அதிலுள்ள நீர் முழுக்கப் பனியாக உறையும். பனி கூடக் கூடக் கம்ப்ரஸர் ஓயாமல் ஓடும். சோப்பு நீரில் நனைத்த பழைய டூத்பிரஷால் மடிப்பைத் தேய்த்து, துடைத்து, உலரவிட்டாலே பெரும்பாலும் பட்டை மீண்டும் ஒட்டிக்கொள்ளும். விறைத்துவிட்டதென்றால் வெந்நீரில் நனைத்த துணியை ஒற்றி இளக்கிப் பார்க்கலாம். கிழிந்திருந்தால் பட்டையை மட்டும் மாற்றலாம், ஃபிரிட்ஜை மாற்றத் தேவையில்லை.

ஒற்றைக்கதவு ஃபிரிட்ஜில் பனி அரை சென்டிமீட்டர் தடித்தவுடன் டிஃப்ராஸ்ட் செய்துவிட வேண்டும். கத்தியால் சுரண்டுவது பெரும் பிழை. அந்த மெல்லிய அலுமினியத் தகட்டுக்குள்தான் கேஸ் ஓடும் குழாய் இருக்கிறது. ஒரு துளை விழுந்தால் கேஸ் முழுவதும் வெளியேறும். இப்போது வரும் ஃபிரிட்ஜ்களில் பலவற்றில் இருப்பது ஐசோபியூட்டேன், தீப்பற்றக்கூடிய வாயு. அதனால் கேஸ் சம்பந்தப்பட்ட வேலையைத் தெரிந்தவரிடம் மட்டுமே கொடுக்க வேண்டும்.

வாஷிங் மெஷினின் கதவைத் துவைத்து முடித்ததும் மூடக் கூடாது. இரண்டு மூன்று மணி நேரமாவது திறந்தே கிடக்கட்டும். டிவியைத் துணி போட்டு மூடுவதைவிட, தினமும் கொஞ்ச நேரமாவது ஓடவிடுவது நல்லது. அந்தச் சூடு உள்ளே இருக்கும் ஈரத்தைத் துரத்தும். எல்லா இயந்திரங்களையும் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தால் சுவரின் ஓதமும் ஏறாது, வெப்பமும் வெளியேறும்.

மழைக்குப் பயந்து பல்லியும் எறும்பும் எலியும் வீட்டுக்குள் வருகின்றன. இன்வெர்ட்டர் ஏசியின் சர்க்யூட் போர்டில் பல்லி ஒன்று குறுக்கே விழுந்து இறந்தால் போர்டே போய்விடும். எலிக்கு வாஷிங் மெஷினின் அடிப்பக்கம் உகந்த குடியிருப்பு, ஒயர்கள் அதற்குப் பல் தீட்டும் பொருள். மெஷினின் அடியில் தகடோ நெருக்கமான வலையோ அடித்து அடைப்பதற்கு ஆகும் செலவு மிகச் சிறியது.

துலாமழை: மின்னல்

ஐப்பசியில், மலையாளக் கணக்கில் துலாம் மாதத்தில், மழையின் சுபாவமே மாறிவிடுகிறது. காலையில் வெயில் கொளுத்தும், மதியம் கருக்கும், மாலையில் இடி இறங்கும். பிற்பகல் 2 மணியிலிருந்து இரவு 10 மணிவரை மின்னல் வாய்ப்பு அதிகம் என்று மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம் ஆண்டுதோறும் எச்சரிக்கிறது.

மின்னலுக்கு முன் ஸ்டெபிலைசர் செல்லாது. சுவிட்சை அணைப்பதும் போதாது, பிளக்கையே பிடுங்க வேண்டும். மின்னல் டிவிக்குள் நுழைய மின்னிணைப்பு தவிர கேபிள் வழியாகவும் ஒரு பாதை இருக்கிறது. இணைய மோடமும் அப்படித்தான். கேபிளையும் கழற்றாவிட்டால் பிளக்கைப் பிடுங்கியும் பயனில்லை. வேலைக்குப் போகும் வீட்டில் மதியம் யாரும் இல்லையென்றால், துலாம் மாதத்தில் காலையில் கிளம்பும்போதே டிவியையும் மோடமையும் கழற்றிவிட்டுப் போவது வழக்கமாக வேண்டும். மெயின் போர்டில் சர்ஜ் புரொடக்டர் பொருத்துவது நல்ல காப்பு. ஆனால் எர்த் சரியாக இல்லாத வீட்டில் அதுவும் வேலை செய்யாது. பழைய மட்டாஞ்சேரி வீடுகளில் எர்த் கம்பி உப்புமண்ணில் அரிபட்டுக் கிடக்கக்கூடும். துலாம் பிறக்குமுன் ஒரு எலக்ட்ரீஷியனை வரவழைத்து எர்த்தை அளந்துகொள்வது உயிருக்கும் நல்லது, பொருளுக்கும் நல்லது. மின்கசிவு வந்தால் இணைப்பை வெட்டும் 30 மில்லி ஆம்பியர் இஎல்சிபி இருந்தால் அதன் டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். வெட்டவில்லையென்றால் அது இருந்தும் இல்லாததுதான்.

மழைக்காற்றில் மரக்கிளை விழுந்து நியூட்ரல் கம்பி அறுந்தால் இன்னொரு ஆபத்து வரும். சில வீடுகளில் வோல்டேஜ் 400-ஐ நெருங்கும். பல்புகள் திடீரென்று கண்ணைப் பறிக்கும் வெளிச்சத்தில் எரிந்தால், காரணம் யோசித்து நிற்காமல் மெயினை அணைத்துவிட்டு 1912-க்கு அழைக்க வேண்டும்.

கார்த்திகை ஓதம்

மழை நின்றபின் நவம்பர், டிசம்பரில் காயல் ஏறுகிறது. விருச்சிக வேலியேற்றம் என்று இங்கே சொல்வார்கள். தாழ்வான தெருக்களில் சாக்கடை வழியாகவே உப்புநீர் திரும்பி வந்து வாசலை நனைக்கும். தரையோடு இருக்கும் ஃபிரிட்ஜ், மெஷின், இன்வெர்ட்டர் பேட்டரி எல்லாவற்றையும் கல்லோ ஸ்டாண்டோ வைத்து உயர்த்துவது அத்தகைய தெருக்களில் கட்டாயம். பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் தவிர வேறெதையும் ஊற்றக் கூடாது. அதன் முனைகளில் பச்சை பூத்தால் வெந்நீரில் கழுவி, உலர்த்தி, வாஸ்லின் தடவ வேண்டும்.

வெள்ளம் இயந்திரத்துக்குள் புகுந்துவிட்டால் என்ன செய்வது? 2018 ஆகஸ்ட் வெள்ளம் அதைக் கேரளம் முழுவதற்கும் கற்றுக்கொடுத்தது. ஓடுகிறதா என்று பார்க்கும் ஆசையில் பிளக்கைப் போட்டவர்கள் பிழைத்திருக்கக்கூடிய மோட்டாரையும் எரித்தார்கள். நல்ல தண்ணீரில் சேறும் உப்பும் போகக் கழுவி, பல நாள் உலரவைத்து, மெக்கர் என்ற கருவியால் இன்சுலேஷனை அளந்த பிறகுதான் மின்சாரம் கொடுக்க வேண்டும். அந்த வெள்ளத்துக்குப் பின் ஐடிஐ மாணவர்கள் நைபுண்ய கர்ம சேனா என்ற பெயரில் ஊர் ஊராகப் போய் வயரிங்கையும் வீட்டுச் சாமான்களையும் பழுது பார்த்தார்கள். சேற்றிலிருந்து எடுத்த மிக்ஸி மறுபடி ஓடும் என்பதைப் பல குடும்பங்கள் நேரில் கண்ட காலம் அது.

எல்லாப் பருவத்துக்கும்: மிக்ஸி

பருவத்துக்குக் கட்டுப்படாமல் தினமும் அடிபடுவது மிக்ஸி. அதன் பிறப்பிலேயே ஒரு பழுதின் கதை இருக்கிறது. பொறியாளர் சத்ய பிரகாஷ் மாத்தூர் வீட்டில் இருந்த ஜெர்மன் மிக்சர் கெட்டுப்போனது. அதைச் சரிசெய்ய இந்தியாவில் வழியில்லை. இட்லிக்கும் சட்னிக்கும் தாங்கும் இந்திய மோட்டாரைத் தாமே செய்ய இறங்கினார். 1963-இல் அப்படித் தொடங்கியதுதான் சுமீத். சரிசெய்ய முடியாத பொருள் நம் சமையலறைக்கு உதவாது என்ற அறிவிலிருந்து வந்த இயந்திரத்தை, இன்று சின்னப் பழுதுக்கெல்லாம் பரணில் போடுகிறோம்.

மிக்ஸி சாவது பெரும்பாலும் ஜாரின் அடியிலிருந்துதான். பிளேடின் தண்டு ஜாரின் அடியைத் துளைத்துக்கொண்டு இறங்கும் இடத்தில் ஒரு புஷ் இருக்கிறது. அது தேய்ந்தால் அரைக்கும்போது நீர் சொட்டுச் சொட்டாகக் கீழே இறங்கும். கப்ளரைச் சுற்றிக் கறுப்பு மசகு போல ஒட்டியிருப்பதே அதற்குச் சாட்சி. உப்பும் புளியும் கலந்த அந்த நீர் மோட்டாரின் மேல் பேரிங்கில் இறங்கித் துருவேற்றும். சத்தம் கரகரப்பாக மாறும், தண்டு ஆடும், கார்பன் பிரஷ் பொறி பறக்கத் தேயும், கடைசியில் காயில் எரியும். இதைத் தடுக்க, ஜாரில் அரை டம்ளர் தண்ணீர் ஊற்றிப் பழைய செய்தித்தாள் மேல் கால்மணி நேரம் வையுங்கள். தாள் நனைந்தால் அன்றைக்கே புஷ்ஷை மாற்றுங்கள். சிறிய செலவில் முடியும் வேலை அது.

மிக்ஸியின் அடியில் எழுதியிருப்பதையும் படிக்க வேண்டும். பெரும்பாலான மாடல்களுக்கு ஐந்து நிமிட ஓட்டம், இரண்டு நிமிட ஓய்வு. நிமிடத்துக்கு 18,000 சுற்றுக்கு மேல் சுழலும் மோட்டார் அது. ஜாரைப் பாதிக்கு மேல் நிரப்பி ஒரேயடியாக மூன்றாம் வேகத்தில் போட்டால் ஓவர்லோட் தட்டும். அப்போது அடியிலிருக்கும் சிவப்புப் பட்டனை உடனே அழுத்தாமல் மோட்டார் ஆறும்வரை காத்திருக்க வேண்டும். மாவு ஆட்டுவதைக் கிரைண்டருக்கே விடுவது மிக்ஸிக்குச் செய்யும் பெரிய உதவி. 1955-இல் கோவையில் பிறந்து, பின்னாளில் புவிசார் குறியீடும் பெற்ற வெட் கிரைண்டரில் மெதுவாகச் சுற்றும் கல், ஒரு பெல்ட், ஒரு மோட்டார் அவ்வளவுதான். பெல்ட்டை அவ்வப்போது மாற்றி, மோட்டார்மேல் தண்ணீர் ஊற்றாமல் துடைத்து வைத்தால் இரண்டு தலைமுறைக்கு உழைக்கும்.

எதைச் சரிசெய்வது, எதை மாற்றுவது

எல்லாவற்றையும் எப்போதும் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும் என்பது பிடிவாதமாகிவிடும். நாளுக்கு எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்பதை அளவுகோலாக வைத்தால் குழப்பம் தீரும். 750 வாட் மிக்ஸி தினம் கால்மணி நேரம் ஓடினால் மாதம் ஆறு யூனிட்கூட ஆகாது. அதைவிடச் சிக்கனமான புது மிக்ஸியால் மிச்சப்படுவது ஒன்றுமில்லை. ஆகவே மிக்ஸி, கிரைண்டர், இஸ்திரிப் பெட்டி இவற்றைச் சரிசெய்வதே எப்போதும் லாபம்.

மின்விசிறிக்குக் கணக்கு வேறு. பழைய விசிறி சுமார் 75 வாட் இழுக்கும், புதுவகை பிஎல்டிசி விசிறி 30 வாட் அளவில் முடிக்கும். நாளுக்கு 16 மணி நேரம் சுழலும் கூடத்து விசிறியை மாற்றினால் மாதம் 20 யூனிட்டுக்கு மேல் மிச்சமாகும். விசிறி மெதுவாகச் சுற்றினால் முதலில் கெப்பாசிட்டரை மாற்றிப் பாருங்கள். பேரிங்கும் காயிலும் போய்விட்டதென்றால் அதற்குமேல் செலவழிக்க வேண்டாம். எப்போதாவது ஓடும் விருந்தினர் அறை விசிறியைப் பழுது பார்த்தே வைத்துக்கொள்ளலாம்.

ஃபிரிட்ஜ் 24 மணி நேரமும் மின்சாரத்தோடு இருக்கும் பொருள். ரப்பர் பட்டை, தெர்மோஸ்டாட், ரிலே போனால் சரிசெய்வதில் சந்தேகமே வேண்டாம். பதினைந்து வயதான ஃபிரிட்ஜில் கம்ப்ரஸரே போனால், நட்சத்திரக் குறி பெற்ற புதியதோடு ஒப்பிட்டுக் கணக்குப் போடலாம். எந்த இயந்திரமானாலும் உடம்பில் ஷாக் அடித்தால், ஒயர் கருகிய வாடை வந்தால், அதைச் சரிபார்க்கும்வரை தொடக் கூடாது. அங்கே சிக்கனம் பேச இடமில்லை.

மெக்கானிக்கும் உதிரிபாகமும்

வீட்டில் எவ்வளவு கவனித்தாலும் ஒருநாள் பழுது வரும். அன்றைக்கு இரண்டு தேவைகள்: வேலை தெரிந்த ஒருவர், கடையில் ஒரு உதிரிபாகம். எறணாகுளம் பள்ளிமுக்கின் எலக்ட்ரானிக்ஸ் கடைகளிலும், நமக்குப் பழக்கமான சென்னை ரிச்சி தெருவிலும் கெப்பாசிட்டரும் ரிலேயும் கிடைக்கின்றன. ஆனால் புது மாடல்களின் சர்க்யூட் போர்டும் கதவின் ரப்பர் பட்டையான தனி வடிவக் கேஸ்கெட்டும் கம்பெனி கொடுத்தால்தான் உண்டு. சில வருடங்களில் 'அந்த மாடல் நின்றுவிட்டது' என்ற பதில் வருகிறது. நன்றாகத் துடைத்துப் பராமரித்த குடும்பத்துக்கு அதைவிடப் பெரிய அநியாயம் கிடையாது.

ஐரோப்பிய ஒன்றியம் 2021 மார்ச் முதல் இதற்கு விதி வைத்திருக்கிறது. ஒரு ஃபிரிட்ஜ் மாடலின் விற்பனை நின்றபிறகும் கதவின் ரப்பர் பட்டை குறைந்தது 10 வருடம் கிடைக்க வேண்டும், கீல், கைப்பிடி முதலியவை 7 வருடம் கிடைக்க வேண்டும். பிரான்சு 2021-இல் வாஷிங் மெஷின் உள்ளிட்ட சில பொருள்கள்மேல் எவ்வளவு எளிதில் பழுது பார்க்கலாம் என்பதை மதிப்பெண்ணாக எழுத வைத்தது. 2009-இல் மார்ட்டின் போஸ்த்மா ஆம்ஸ்டர்டாமில் தொடங்கிய ரிப்பேர் கஃபேயில், தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பழுது பார்க்கக் கற்றுக்கொடுத்தார்கள். அது இன்று பல நாடுகளில் நடக்கிறது.

இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுது பார்க்கும் உரிமைக்காகக் குழு அமைத்து, அதே ஆண்டு டிசம்பர் 24-இல் ஒரு தகவல் தளத்தையும் தொடங்கியது. வீட்டு இயந்திரங்கள் அதன் நான்கு துறைகளில் ஒன்று. 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த மின்கழிவு விதிகள் 106 வகைப் பொருள்களின் கழிவுக்குத் தயாரிப்பாளரைப் பொறுப்பாக்குகின்றன. கழிவானபின் பொறுப்பேற்பதைச் சட்டமாக்கியவர்கள், கழிவாகாமல் காக்கும் உதிரிபாகத்தையும் சட்டமாக்க வேண்டும்.

2023 சொன்னது

பராமரிப்பைத் தனிமனிதச் சிக்கனமாக மட்டும் பார்ப்பது எவ்வளவு போதாது என்பதை 2023-இன் முதல் மூன்று மாதங்கள் கொச்சிக்குக் காட்டின. ஆண்டின் தொடக்கத்தில், ஊருக்குக் குடிநீர் அனுப்பும் பாழூர் பம்ப் ஹவுஸில் மோட்டார்கள் பழுதாகி, மேற்குக் கொச்சி வாரக்கணக்கில் தண்ணீர் லாரிக்குக் காத்து நின்றது. மார்ச் 2-ஆம் தேதி பிரம்மபுரம் குப்பைக்கிடங்கு தீப்பிடித்தது. பத்து நாளுக்கு மேல் நகரம் புகையைச் சுவாசித்தது. ஓடவேண்டிய இயந்திரம் நின்றால் என்ன ஆகும் என்பதையும், வீசியெறிந்தவை ஓரிடத்தில் குவிந்தால் என்ன ஆகும் என்பதையும் ஒரே ஊர் ஒரே பருவத்தில் அனுபவித்தது. பரணிலிருந்து குப்பைக்குப் போகும் ஒவ்வொரு மிக்ஸியும் இந்தக் கணக்கில் சேரும்.

ஆகவே மூன்று காரியங்களை வலியுறுத்துகிறேன். முதலாவது, வீட்டில் பராமரிப்பு ஒருவர் தலையில் மட்டும் விழக் கூடாது. பெரும்பாலான வீடுகளில் மிக்ஸியைத் துடைப்பதும் ஃபிரிட்ஜைக் கழுவுவதும் பெண்களின் வேலையாகவே இருக்கின்றன, ஆனால் மெக்கானிக்கிடம் பேசுவதும் புதியது வாங்க முடிவெடுப்பதும் வேறொருவர். துடைப்பவருக்குத்தான் பழுதின் முதல் அறிகுறி தெரியும். அவர் சொல்வதைக் கேட்டு வீடு முழுவதும் அந்த வேலையைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். இரண்டாவது, வெள்ளத்துக்குப் பின் செய்ததை வெள்ளத்துக்குக் காத்திராமல் செய்யலாம். ஒவ்வொரு வார்டிலும் இடவப்பாதிக்கு முன் ஒருமுறை, துலாமழைக்கு முன் ஒருமுறை ஐடிஐ மாணவர்களையும் உள்ளூர் மெக்கானிக்குகளையும் வைத்து எர்த், கேஸ்கெட், புஷ் பார்க்கும் முகாம் நடத்தினால் மாணவருக்குப் பயிற்சி, மெக்கானிக்குக்கு வேலை, வீட்டுக்கு மிச்சம். மூன்றாவது, ஒரு மாடலை விற்கும் கம்பெனி அதன் உதிரிபாகத்தைப் பத்து வருடமாவது கொடுக்க வேண்டும் என்று நாம் கேட்க வேண்டும். வாங்கும் கடையிலேயே, விலை பேசும்போதே, "கேஸ்கெட் எத்தனை வருடம் கிடைக்கும், போர்டு தனியாகக் கிடைக்குமா?" என்று கேட்கலாம். அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாததால் விற்பனை குறைகிறது என்று தெரிந்தால் கம்பெனிகளும் பதிலைத் தேடிக்கொண்டு வரும்.